காலா, மிஷினா?

இது நடந்த கதை. சத்தியமாக நடந்தது. பொய் என்று யாராவது காட்டிவிட்டால் என் மீசையில் பாதியை இங்கேயே மழித்துக்கொண்டு போகலாம். முழு மீசையையும் பந்தயம் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓணானைப் பார்த்துவிட்டு வந்து முதலை என்பேன். கேட்கிறவன் வாயைப் பிளந்தால் அந்த முதலைக்கு இறக்கையும் வைப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது மதில் ஏறிக் குதிப்பது ஒன்றுதான். ஆனாலும் ஒரு விஷயம். இந்தக் கதையில் எங்கெல்லாம் எலும்பு உடைகிறதோ அங்கெல்லாம் நான் ஒரு துளிகூட ஏற்றிச் சொல்லவில்லை. மற்ற இடங்களுக்கு நான் பொறுப்பில்லை.

நாங்கள் கட்டடம் இடிக்கிறவர்கள். இந்தக் கதையை நான் சொன்னபோது ஒரு பழைய செருப்புத் தொழிற்சாலையை இடித்துக்கொண்டிருந்தோம். முன்பக்கம் எல்லாம் போய்விட்டது. பின்சுவர் ஒன்றுதான் பாக்கி. அதன் நிழலில் சப்பணம் போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தோம். எதிரில் லாரிக்காரர். சொந்த லாரியை வாடகைக்கு விட்டு எங்கள் இடிபாட்டை அள்ளிப்போகிறவர், எங்களுக்குப் புது ஆள். பக்கத்தில் கம்பி வெட்டுகிறவர். அவரைக் கம்பி என்றே கூப்பிடுவோம், ஆளும் அப்படித்தான் இருப்பார். கதையின் நாயகி சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பித்தேன். என் பற்கள் மீது எனக்குப் பாசம் உண்டு.

கடப்பாரை அக்கா என்றால் எங்கள் தொழிலில் தெரியாதவர் இல்லை. உயரத்துக்கு ஒரு கதவில் பாதி. அகலத்துக்கு அந்தக் கதவைக் கழற்றிவைத்தால்தான் உள்ளே வர முடியும். அவள் தும்மினால் பக்கத்து அறையில் சுண்ணாம்பு உதிரும். கடப்பாரையை அவள் பிடிக்கிற அழகைப் பார்த்தால், நாமெல்லாம் பென்சில் பிடிக்கவே வெட்கப்படுவோம்.

ஆனால் சுவரில் முதல் அடி போடும் முன் ஒன்று செய்வாள். உள்ளங்கையால் சுவரைத் தட்டி, "யாரு உள்ள?" என்று கூப்பிடுவாள். காதை ஒட்டிவைத்துக் கேட்பாள். மறுபடி கூப்பிடுவாள். மூன்றாம் முறையும் பதில் இல்லையென்றால்தான் அடி. எங்கள் குழுவில் எல்லாருக்கும் அதுதான் சட்டம்.

காரணம் அவளுடைய அப்பா. அக்கா சின்னப் பெண்ணாகச் செங்கல் சுமந்த காலத்தில், அம்மாதான் சம்மட்டி பிடித்தாள். அப்பா குடித்துவிட்டு ஒரு குறுக்குச் சுவருக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார். யாருக்கும் தெரியாது. யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அம்மா அடித்தாள். சுவர் அந்தப் பக்கமாக விழுந்தது. அக்கா விரலால் தோண்டினாள். வெளியே எடுத்தபோது அப்பாவின் முகம் முகமாக இல்லை. அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களுக்கு இன்றைக்கும் நகம் கிடையாது.

"இதுல எவ்வளவு ஏத்தின?" என்றார் லாரிக்காரர்.

"எலும்பு இருக்குல்ல? ஏத்தல."

சுவருக்கு இத்தனை மரியாதை கொடுக்கிறவள், மனிதனுக்கு மட்டும் கொடுக்கமாட்டாள். கூப்பிட்டுப் பார்ப்பது, காது கொடுப்பது, அதெல்லாம் கிடையாது. நேரே அடிதான். கூலியைப் பிடித்துக்கொண்ட ஒரு மேஸ்திரியைத் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாயில் தலைகீழாகச் செருகினாள். நாங்கள் காலைப் பிடித்து இழுத்ததால் அவர் இன்று உயிரோடு இருக்கிறார். அவளைப் பார்த்து விசிலடித்த ஒருவன் இப்போது விசிலடித்தால் காற்று காது வழியாக வருகிறது.

புருஷன் கதை தனி. பிரிந்துபோன பிறகு ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, மகளைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அந்தப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அந்த மகள் முன்பு அங்கே இருந்தவள்தான். அவள் முழங்கையில் சூடு போட்ட தழும்பு இருக்கிறது, கரண்டி அளவுக்கு, கரண்டி வடிவத்தில். அக்கா அவனைக் கதவு வழியாக வெளியே எறிந்தாள். கதவைத் திறந்துவிட்டு எறிந்திருக்கலாம். திறக்கவில்லை. காறை எலும்பும் விலா எலும்பும் போயின. கதவும் போயிற்று.

ஸ்டேஷனில் அக்காவிடம் எழுதி வாங்கினார்கள். அதிகாரி சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான்தான் கூடப் போயிருந்தேன்.

"இதோ பாரும்மா. இன்னொரு அடிதடின்னு உன் பேரு இங்க வந்துச்சுன்னா நீ உள்ள. பொண்ணு அப்பன் வீட்டுக்கு. புரிஞ்சுதா?"

"அந்த வீட்டுக்கா?"

"சட்டப்படி அப்பன்தான?"

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜை கொஞ்சம் அழுதது. அவள் அழவில்லை.

அதிலிருந்து நல்லபடியாகத்தான் இருந்தாள். கோபம் வந்தால் செங்கல்லைக் கடிப்பாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், சரி, விடுங்கள்.

இப்போது அக்காவின் கிரெடிட் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். கெட்டியான கான்கிரீட்டுக்குக் கடப்பாரை போதாது. பிரேக்கர் மிஷின் வேண்டும். கரண்டில் ஓடும், முனையில் உளி இருக்கும், பிடித்தால் கிட்னி வரை ஆட்டிவிடும். அது எங்களிடம் கிடையாது. வாடகைக் கடையில் எடுப்போம். கடைக்காரர், அவரை வாடகைக்காரர் என்றே சொல்வோம், கிரெடிட் கார்டு இல்லாமல் மிஷினைத் தொடவிடமாட்டார். அக்காவிடம் கார்டு இருந்தது. தெருவில் மேஜை போட்டுக் கார்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு டை கட்டிய பையன் அவளை "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டான். வாழ்க்கையிலேயே முதல் மேடம். அந்த ஒரு சொல்லுக்காகக் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், எங்கள் பழக்கத்தில். ஒரு கட்டடத்தை முழுசாக இடித்து முடித்தால், வேலை செய்து தேய்ந்த இரும்பில் ஒன்றை அந்தத் தரையிலேயே அடித்து இறக்கிவிட்டு வருவோம். இத்தனை நாள் நின்ற கட்டடத்தை வெறுங்கையோடு விட்டு வரக்கூடாது என்று ஒரு எண்ணம். எங்கள் சொந்த உளியாக இருந்தவரை யார் கேட்பது? அன்று மிஷின் உளியை அக்கா அதே மாதிரி இறக்கிவிட்டாள். அது வாடகை உளி என்று எங்களில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வாடகைக்காரர் குனிந்து மிஷினின் வாயைப் பார்த்தார்.

"ஏம்மா, உளி எங்க?"

"தரையில இறக்கிட்டோம்ணே."

"எந்தத் தரையில?"

"இடிச்ச எடத்துல. அது எங்க வழக்கம்."

"என் உளிய வச்சு உன் வழக்கமா? நல்லா இருக்கே! நாளைக்கு என் கடைய இறக்கிட்டு வழக்கம்னு சொல்லுவ."

"எவ்வளவுன்னு சொல்லுங்க, தரேன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு வாயில் சனி. ஊருக்கே தெரிந்த அக்காவின் ஸ்டேஷன் கதை அவருக்கும் தெரியும்.

"திருடிட்டு அப்புறம் தரேன்னு சொல்றது. அந்தப் பொண்ண அப்பன்கிட்டயே விட்டிருக்கலாம். சூடு போட்டாவது ஒழுங்கா வளத்திருப்பான்."

அக்கா மிஷினைத் தூக்கினாள். தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். இடுப்பு வரைதான் தூக்கினாள். அது போதும். கண்ணாடி மேஜையை உடைத்துக்கொண்டு போய் அவர் வலது பாதத்தில் இறங்கியது. காய்ந்த சுள்ளிக்கட்டை மிதித்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான். செருப்புக்கு வெளியே பெருவிரல் வேறு திசையைப் பார்த்தது. அவர் போட்ட அலறலில் அந்தத் தெரு நாயெல்லாம் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது. நாங்கள் அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினோம்.

அன்று முழுக்க அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "நல்ல மனுசன்கா, மன்னிச்சுட்டாரு" என்றேன் நான். என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

அடுத்த வேலைக்கு வேறொரு கடையில் மிஷின் கேட்டோம். கடைப் பெண் கார்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கார்டுல இடமில்லக்கா."

"இடமில்லன்னா? இது என்ன பஸ்ஸா?"

"ஃபுல்லா எடுத்திருக்காங்க. போன்ல பாருங்க."

போனில் பார்த்தால், பழைய வாடகைக்காரர் ஒரு முழுப் புது பிரேக்கரின் விலையை அவள் கார்டில் ஏற்றியிருந்தார். பக்கத்திலேயே காரணமும்: மிஷின் திரும்பி வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போகாத நல்ல மனுசன், கார்டுக்குப் போயிருந்தார்.

மிஷின் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லாத அம்மாவிடம் பெண்ணை விடமாட்டார்கள். அக்காவின் கண் சிவந்தது. கடப்பாரையைத் தோளில் போட்டாள்.

நான் ஒரு காலைக் கட்டிப்பிடித்தேன். கம்பி மறுகாலைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் செருப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு தெரு முழுக்கத் தேய்ந்தோம். என் முழங்கையில் தோல் போனது. கம்பி மேலே ஏறித் தோளைப் பிடிக்கப் பார்த்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையைப் பின்னால் விட்டாள். அவருடைய முன்பல் ஒன்று சாக்கடை வரை பறந்தது.

"அத மட்டும் நல்லா ஞாபகம் வச்சிருக்க," என்றார் கம்பி, ஓட்டை வாயைத் தடவிக்கொண்டே.

கடை ஷட்டர் சாத்தியிருந்தது. அக்கா போட்ட ஒரு அடியில் தகரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. மழை பெய்தால் அதில் மீன் வளர்க்கலாம். பக்கத்துக் கடைக்காரர் பயத்தில் கையை மட்டும் வெளியே நீட்டிக் கிளினிக் இருக்கும் திசையைக் காட்டினார். கட்டு மாற்றப் போயிருக்கிறாராம்.

கிளினிக்கில் ஒரு நர்சம்மா. ஒல்லியான ஆள், வெள்ளை மூக்குக்கண்ணாடி. அக்கா அடித்தவர்களையெல்லாம் தைத்துத் தைத்தே கை தேர்ந்தவள். கதவில் கடப்பாரை தெரிந்ததும் வாடகைக்காரர் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார், கட்டுப்போட்ட கால் மட்டும் வெளியே. நர்சம்மா கத்தரிக்கோலோடு குறுக்கே நின்றாள்.

"அத வெளிய வை. இங்க எல்லாம் கொதிக்க வச்ச சாமான்."

"தள்ளு நர்சம்மா. அந்த ஆளோட இன்னொரு காலையும் பாத்துட்டுப் போறேன்."

"பாரு. பாத்துட்டு வீட்டுக்குப் போயி பொண்ணோட துணியெல்லாம் மடிச்சு வை. எந்தப் பையில வைப்ப? பெரிய பையா, சின்னப் பையா?"

அக்கா நின்றாள். அவளை நிறுத்திய முதல் மனுசி நர்சம்மாதான். முன்பு ஒருமுறை அவள்மேல் லாரி மோதியபோது லாரிதான் நின்றது.

"அப்ப அவன் என்ன வேணா ஏத்துவான், நான் கட்டிட்டே இருக்கணுமா?"

"யாரு கட்டச் சொன்னா? கார்டுல தப்பா ஏத்துனா மறுக்கலாம்டி. எனக்கும் ஆச்சு. தங்காத லாட்ஜுக்கு என் கார்டுல எடுத்துட்டான். மறுத்தேன், திரும்பி வந்துச்சு."

"எவ்வளவு அடிச்ச?"

"ஒருத்தரயும் அடிக்கல. உக்காரு. சுவத்த இடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுவியே, அதே மாதிரிதான். மொதல்ல கடைக்காரர கூப்பிடு. வாயால இல்ல, போன்ல எழுதி அனுப்பு, அப்பதான் பின்னாடி காட்ட முடியும். அவரு மாட்டேன்னா பேங்க கூப்பிடு. இந்தச் செலவ நான் ஒத்துக்கலன்னு சொல்லு. லேட் பண்ணாத, நாள் போச்சுன்னா கேக்கமாட்டாங்க. கார்டு திருட்டுப் போச்சுன்னு மட்டும் உளறிடாத. கார்டு உன் கையிலதான இருக்கு? திருப்பிக் குடுத்த பொருளுக்குக் காசு எடுத்துட்டாங்கன்னு சொல்லு. இதத் தவிர வேற செலவு இருந்தா அத ஒழுங்கா கட்டிரு. அப்புறம் காது வச்சுக் கேளு. பதில் வர்ற வரைக்கும் கைய ஓங்காத."

கட்டிலுக்கு அடியிலிருந்து, "அவளுக்கு ஏன் சொல்லித் தர்றீங்க? நான்தான பேஷண்டு?" என்று ஒரு குரல் வந்தது.

"நீங்க கால உள்ள இழுத்துக்குங்க," என்றாள் நர்சம்மா.

அக்கா எழுதி அனுப்பினாள். வாடகைக்காரரிடமிருந்து, மிஷின் வரவே இல்லை என்று பதில் வந்தது. பிறகு பேங்குக்குப் போன் போட்டாள். அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரு சின்ன ஓட்டு வீடு, அதற்கு மிஷின் வேண்டாம், சம்மட்டியே போதும். எழுத எடுத்த நேரத்தில் நாங்கள் ஒரு குளியலறையை இடித்து முடித்திருந்தோம் என்றால், போனுக்கு மிச்ச வீடு முழுக்கப் போயிற்று. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, அப்புறம் பாட்டு. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண் சொல்லும்போதெல்லாம் அக்கா சம்மட்டியால் ஒரு அடி. நாங்கள் சும்மா நின்று பார்த்தோம். அப்படி ஒரு வேகத்தில் சுவர் விழுந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் உயிருள்ள ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம். மேடம், அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. வீடு ஒண்ணு விழுது. நீ பேசு."

"உங்க வீடா மேடம்?"

"அடுத்தவங்க வீடு."

"கார்டு தொலஞ்சு போச்சா மேடம்?"

"இல்ல. பொருளத் திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்குக் காசு எடுத்துட்டாங்க. நான் ஒத்துக்கல." நர்சம்மா சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். சம்மட்டிக்கு வராத வியர்வை.

பேங்க் அந்தத் தொகையை அப்போதைக்கு நிறுத்திவைத்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். கொஞ்ச நாளில் மறுபடி அந்தப் பெண் கூப்பிட்டாள். மிஷின் வரவில்லை என்று கடைக்காரர் சாதிக்கிறாராம். காலி இடத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாராம்.

"நீங்க திருப்பிக் குடுத்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்?"

"அப்புறம் சொல்றேம்மா," என்று அக்கா போனை வைத்தாள்.

ஆதாரம் இருந்தது. ஊரிலேயே பெரிய ஆதாரம், மாவுக்கட்டு போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தது. மிஷின் கடைக்கு வராவிட்டால் அந்தக் கால் எப்படி உடைந்தது? கனமான மிஷின் விழுந்து பாதம் நொறுங்கியது என்று கிளினிக் சீட்டிலேயே நர்சம்மா எழுதியிருந்தாள். அதைக் காட்டினால் பேங்க் நம்பும். ஆனால் காட்டினால், போட்டது யார் என்று ஸ்டேஷனும் கேட்கும்.

அதுதான் வாடகைக்காரரின் கெட்டிக்காரத்தனம். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று தெரிந்துதான் ஏற்றியிருக்கிறார். அன்று சாயங்காலமே போனும் போட்டார்.

"என்னம்மா, பேங்கெல்லாம் பேசுறியாமே? வாபஸ் வாங்கிரு. இல்லேன்னா நான் நொண்டிக்கிட்டே ஸ்டேஷன் போறேன். பொண்ணு பை கட்டிட்டாளா?"

அக்கா போனைச் சுவரில் அடித்தாள். அப்புறம் சுவரை அடித்தாள். அது அவள் குடியிருக்கும் வீட்டுச் சுவர். கையில் ரத்தம் வடிய வடிய அடித்தாள். தடுக்கப்போன என்னை ஒரே தள்ளில் அடுப்பங்கரைக்கு அனுப்பினாள். கரித்துணியும் நானும் ஒன்றாகிக் கிடந்தோம். நிமிர்ந்து பார்த்தால், மகள் நிஜமாகவே பையைக் கட்டி வாசலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் அக்கா.

"எங்கயும் போகல. போகணும்னா நானே நடந்து போறேன். முடியப் பிடிச்சு எவனும் இழுக்க வேணாம். அதுக்குத்தான் கட்டி வச்சேன்."

அக்கா ரத்தக் கையைத் துணியில் சுற்றினாள். காலையில் வாடகைக் கடைக்குக் கிளம்பினாள். கடப்பாரையை வீட்டிலேயே வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் நானும் கம்பியும் பின்னாலேயே ஓடினோம். கத்தி வைத்திருக்கிறவனைவிடக் கையை வீசிக்கொண்டு வருகிறவன்தான் ஆபத்து.

கடை வாசலில் நின்றாள். பள்ளம் விழுந்த ஷட்டரை உள்ளங்கையால் தட்டினாள்.

"யாரு உள்ள?"

கம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு உள்ள?"

மூன்றாவது முறை கூப்பிட்டால் அடுத்தது என்ன என்று எங்களுக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரு உள்ள?"

"நான்தான். என்ன வேணும்?" ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, கட்டைக்கோலை ஊன்றி வாடகைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் டிரில்லும் ரம்பமுமாய் வரிசை. நடுவில் நாங்கள் திருப்பிக் கொடுத்த பிரேக்கர், உளி இல்லாமல், பல் போன கிழவன் மாதிரி.

"அண்ணே, உங்க காலு மேல போட்டது நான்தான்," என்றாள் அக்கா. "அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். பேங்குலயும் சொல்லப் போறேன், ஸ்டேஷன்லயும் நானே சொல்லப் போறேன்."

"பொண்ணு?"

"அவ பை கட்டிட்டா. இப்ப நீங்க சொல்லுங்க. காலா, மிஷினா?"

"என்ன உளறுற?"

"மிஷின் வரலேன்னா உங்க காலு ஒடையல. எம்மேல கேஸ் இல்ல. காலு ஒடஞ்சுதுன்னா மிஷின் வந்துருச்சு. கார்டுல ஏத்துனது பொய். ரெண்டுல ஒண்ணுதான் உங்களுக்கு. எது வேணும்? காலா, மிஷினா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வாய் மிஷின் என்றது, கண் காலைப் பார்த்தது. இருதலைக் கொள்ளி எறும்பு தோற்றது.

"காலா, மிஷினா?" என்றாள் மறுபடி.

கட்டைக்கோல் பறந்து வந்தது. முதல் அடி புருவத்தில். தோல் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இரண்டாவது தாடையில். அவருக்கு வெறி பிடித்துவிட்டது. கால் வலி, பூட்டிக் கிடந்த கடை, உளி, எல்லாம் சேர்த்து அடித்தார். அக்கா இரண்டு கையாலும் ஷட்டரின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. தோளில் விழுந்தது. காதில் விழுந்தது. நாங்கள் ஓடப்போனோம். "எவனும் வராத!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள், கத்தியபோது வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. கட்டைக்கோல் அவள் முதுகில் இரண்டாக உடைந்தது. ஊன்ற ஒன்றும் இல்லாமல், அடித்தவர் உடைந்த காலிலேயே விழுந்தார். மறுபடி அந்தச் சுள்ளிக்கட்டுச் சத்தம்.

அக்கா கைப்பிடியை விட்டாள். அது வளைந்திருந்தது. இன்றும் வளைந்துதான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஒரு கண்ணில் ரத்தம், மறுகண்ணில் அவரைப் பார்த்தாள். குனிந்தாள். கொன்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அரிசி மூட்டை மாதிரித் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள். அவர் அவள் முதுகில் தொங்கிக்கொண்டே அழுதார்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நர்சம்மா ஒரு கையால் அவளைத் தைத்தாள், ஒரு கையால் அவருக்குக் கட்டுப் போட்டாள்.

"இப்ப நானும் எழுதணும்ல?" என்றாள் நர்சம்மா. "இந்தம்மா புருவம் எப்படிக் கிழிஞ்சுது? என்னன்னு எழுத? சொல்லுங்கய்யா."

வாடகைக்காரர் மேற்கூரையைப் பார்த்தார்.

"மிஷின் வந்துருச்சுன்னு பேங்குக்கு எழுதிடறேன்," என்றார்.

"உங்க காலுக்கு அவ என்ன பதில் சொல்லப் போறான்னு கேக்கலியா?"

"அவ மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணல."

எழுதினார். பேங்க் அந்தத் தொகையை அவள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. உளியின் விலையை மட்டும் விட்டுவைத்தது. அதை அக்கா ஒத்துக்கொண்டாள், வழக்கம் அவளுடையது, உளி அவருடையது. ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் போகவில்லை. மகள் பையை அவிழ்த்தாள். இன்றைக்கும் அக்காவின் ஒரு புருவம் கேள்வி கேட்கிற மாதிரி மேலே ஏறி நிற்கிறது.

நான் கதையை முடித்துவிட்டு மீசையைத் தடவினேன். லாரிக்காரர் ஏப்பம் விட்டார்.

"எல்லாம் சரி. கடைக்காரன் பண்ணதுல என்ன தப்பு?"

"என்னது?" என்றார் கம்பி.

"பாதம் நொறுங்கிருச்சு. அந்த ஆளு எத்தன நாள் கடை தொறக்கல? அதுக்கு யாரு குடுப்பா? மிஷினா ஏத்துனான், காலுக்குன்னு நெனச்சுக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான? நானும் வண்டிய வாடகைக்கு விடறவன். எனக்குத் தெரியும் வலி."

"காலுக்கு வேணும்னா காலுக்குன்னு கேக்கணும்யா! பொய் சொல்லிக் கார்டுலயா கைய விடுறது?"

"கேட்டா குடுப்பாளா? இன்னொரு காலையும் ஒடைப்பா!"

"அடி வாங்கிக்கிட்டு நின்னாளே, அது கணக்குல வராதா?"

"நின்னாளாம்! இந்த மீசக்காரன் சொல்றத நம்புறியா? கைய வச்சுக்கிட்டுச் சும்மா நின்னாளாம், கடப்பார! பயந்துட்டான்னு சொல்லு."

"யாரப் பாத்துப் பயந்தான்னு சொல்ற?"

"அடேய், உன் பல்ல ஒடச்சவளுக்கே நீ வக்காலத்தா? உன் பல்லுக்கு எந்தக் கார்டுல ஏத்துன?"

கம்பியின் சோற்றுத் தூக்கு லாரிக்காரரின் காதில் போய் விழுந்தது. லாரிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பியின் மூக்கில் வைத்தார். மூக்கிலிருந்து சிவப்பாக வந்தது. நடுவில் புகுந்த எனக்கு இரண்டு பக்கமும் கிடைத்தது. ஒருவன் மீசையைப் பிடித்துவிட்டான், பந்தயம் வைத்த பாதியையே. மண்வெட்டிக் காம்பு எடுத்தார்கள். செங்கல் எடுத்தார்கள். மூன்று பேரும் ஒரே உருண்டையாகச் சுவரின் அடியில் உருண்டோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

"யாரு உள்ள?"

"உன் லாரிய நான் கொளுத்தல, என் பேரு கம்பி இல்லடா!"

"கொளுத்து பாக்கலாம்! கொளுத்துடா!"

"யாரு உள்ள?"

பதில் சொல்ல எனக்கு ஆசைதான். லாரிக்காரரின் கை என் வாயில் இருந்தது.